முல்லைக்குள் ஒரு முல்லை

திண்டிவனம் நகருக்குள்ளேயே கிடங்கல் என்று ஒரு பகுதி இருக்கிறது. பழைய கோட்டையின் சிதைவுகளும் அகழியின் தடமும் வீடுகளுக்கு நடுவே இன்றும் கண்ணில் படும். சங்க காலத்து ஓய்மா நாட்டின் தலைநகரான கிடங்கில் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. அங்கிருந்து ஆண்டவன் நல்லியக்கோடன். அவனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து 269 அடிகளில் சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடும் தொலைவில் இல்லை. மரக்காணத்திலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே போனால் செய்யூர் வட்டத்தில் வந்துவிடும். புலவரும் தலைவனும் ஒரே கடற்காற்றை உண்டவர்கள். பாட்டில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்துக் கரையோடும், வேலூரை உப்புவேலூரோடும், ஆமூரை நல்லாமூரோடும் சேர்த்துச் சொல்வார்கள். ஒரு பகல் பொழுதில் சுற்றிவந்துவிடக்கூடிய சின்னஞ்சிறு நிலத்தில் ஒரு பெரும் பாட்டு காட்டும் வழி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

அந்தப் பாட்டின் அழகைப் பலரும் பலவாறு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இங்கே ஆசையாகச் சொல்ல இருப்பது, பழைய பாட்டைப் படிக்க நம் முன்னோர் செய்துவைத்த கலைச்சொற்களைப் பற்றி. திணை, துறை, தொடை, உரிச்சொல், நோக்கு, மெய்ப்பாடு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சொற்கள்தாம். அவற்றை ஒரு முறை ஓய்மா நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, இந்த மண்ணின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு நுட்பமாக, எவ்வளவு கனிவோடு செய்யப்பட்டது என்பது அப்போது தெரியும்.

முல்லையிலிருந்து தொடங்கலாம். வேலூருக்குப் போகும் வழியை நத்தத்தனார் காட்டும் இடம். அவரை பவளம் கோக்கிறது. காயா கூட்ட மயிலாக அவிழ்கிறது. காந்தள் கைவிரலாகப் பூக்கிறது. கொல்லை நடுவே நீண்டு போகும் பாதையில் மழைக்காலத்துச் செந்நிற இந்திரகோபப் பூச்சிகள் ஊர்கின்றன. இத்தனையும் காட்டிவிட்டு, அந்தக் காட்டுக்குப் பெயர் சொல்ல வரும்போது புலவர் முல்லை என்ற சொல்லை ஒரே மூச்சில் இரண்டு முறை வைக்கிறார்: முல்லை நிறைந்த முல்லை என்கிற பொருளில். மேலோட்டமாகப் படிப்பவருக்கு, முல்லைக்கொடி படர்ந்த முல்லை நிலம் என்று தோன்றும். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அங்கே நின்றுவிடுகிறார். முதலில் வரும் முல்லையை அவர் பூவாக எடுக்கவில்லை. கணவன் சொன்ன சொல்லை நம்பி, வீட்டில் இருந்து, நல்லறம் செய்து, அவன் வரும்வரை ஆற்றியிருக்கிற பெண்ணின் பண்பாக எடுக்கிறார். அதாவது, உரிப்பொருளான இருத்தல். இரண்டாவதுதான் கொடி படர்ந்த காடு. ஒரு முல்லைக்குள் இன்னொரு முல்லையைப் பொதிந்து வைத்திருக்கிறார் புலவர் என்று உரைகாரர் மெல்லத் திறந்து காட்டுகிறார்.

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற மூன்று பெயர்களையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். நிலமும் பொழுதும் முதல். அதில் பிறந்து வளர்கிற பூவும் புள்ளும் தெய்வமும் தொழிலும் கரு. அங்கே வாழும் நெஞ்சுக்கு உரியது உரி. கருவுக்குள் உரி ஒளிந்திருக்கிறது. இலக்கணக்காரர் பிற்காலத்தில் உட்கார்ந்து வகுத்த பாகுபாடுதானே என்று யாராவது சொன்னால், இந்த ஓரடியைக் காட்டலாம். புலவரே அந்தக் கலைச்சொல்லைத் தன் பாட்டுக்குள் வைத்து வாழ்ந்திருக்கிறார். அடுத்து ஆமூர் வயலுக்கு வரும்போதும் அப்படியே, மருதம் நிறைந்த மருதம் என்கிறார். ஊடலும் ஊடலின் இனிமையும் நிறைந்த தண்ணீர் வயல். வேலூரிலிருந்து ஆமூருக்கு வருவதற்குள், காத்திருந்தவள் பொய்க்கோபம் கொள்ளக் கற்றுக்கொண்டாள்!

இதே முல்லை, பாட்டின் தொடக்கத்திலும் ஒருமுறை பூக்கிறது. பாணனோடு நடந்து களைத்த விறலியரைப் புலவர் அறிமுகம் செய்யும் இடம் அது. தமிழில் எனக்கு மிகவும் பிடித்த அடிகளைச் சொல்லச் சொன்னால் அந்தப் பத்தொன்பது அடிகளைத்தான் சொல்வேன். மெல்ல இறங்கும் மழையின் அழகைக் கொண்ட கூந்தல் என்று தொடங்குகிறார். கூந்தலுக்கு அவர் வைக்கும் சொல் கதுப்பு. அந்தச் சொல்லில் முடிந்ததும் அதே சொல்லை மறுபடி எடுத்து, அந்தக் கதுப்பைப் போலத் தோகை விரித்த மயில்கள் என்று போகிறார். அடி என்று முடிக்கிறார், அடியிலிருந்து தொடங்குகிறார். குறங்கு என்று தொடையைச் சொல்லி முடிக்கிறார், குறங்கிலிருந்து வாழைக்குப் போகிறார். வாழையிலிருந்து வாழைப்பூவுக்கு, அங்கிருந்து ஓதிக்கு, ஓதியில் மொய்க்கும் வேங்கைப் பூவை நினைத்த வண்டுக்கு, அந்த வண்டு மயங்கிய சுணங்குக்கு. எயிறு என்று பல்லைச் சொல்லி, அந்தப் பல்லைப் போல முகை விட்ட முல்லை என்று சொல்லி, அந்த முல்லை சான்ற கற்பு என்று கொண்டுவந்து நிறுத்துகிறார். பூ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது பண்பாக மாறிவிட்டது.

அந்தாதித் தொடை என்ற கலைச்சொல்லுக்கு இதைவிட அழகான விளக்கம் கிடைக்காது. அந்தம் ஆதியாவது. இலக்கணம் சொல்லும் அந்தாதி ஓர் அடியின் இறுதி அடுத்த அடியின் முதலாக வருவது. நத்தத்தனார் அதை இன்னும் நெருக்கமாகச் செய்கிறார். பல இடங்களில் முடிவும் தொடக்கமும் ஒரே அடிக்குள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. தொடை என்ற சொல்லே தொடுப்பதிலிருந்து வந்தது. பூத்தொடுப்பவள் ஒரு காம்பைச் சுற்றிய நாரைக் கீழே விடாமலே அடுத்த காம்பை எடுப்பதைப் போல இருக்கிறது அவர் கை.

அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் வேறு மாதிரி. அதை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மற்ற இடங்களில் எல்லாம் வந்த சொல்லே திரும்ப வருகிறது. மயிலின் அழகைச் சொல்லி முடிக்கும்போது அவர் வைத்த சொல் சாயல். அடுத்தது சாயல் என்றே தொடங்க வேண்டும். புலவர் அங்கே சாஅய் என்கிறார். சாயல் என்றால் மென்மை, அழகு. சாஅய் என்றால் தளர்ந்து, வாடி. ஒரே ஒலியில் அழகு களைப்பாகிவிடுகிறது. நடந்து நடந்து அந்தப் பெண்களின் பாதம், இளைத்து ஓடிவந்த நாயின் தொங்கும் நாக்கைப் போல ஆகிவிட்டது என்று அடுத்துச் சொல்கிறார். நடுவில் நிற்கும் அந்த அகரத்தைக் கவனியுங்கள். அளபெடை என்று இலக்கணம் அதைச் சொல்லும். எழுத்து தன் அளவைக் கடந்து நீள்வது. சாய் என்று இருந்தால் ஒரு வினை. சாஅய் என்று நீளும்போது அந்தச் சொல்லே நடக்க மாட்டாமல் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறது. ஓசை நிறைக்க வந்தது அளபெடை என்று படித்திருக்கிறோம். இங்கே களைப்பையும் அது நிறைக்கிறது.

அந்த அடிகளில் நுங்கும் வருகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பனங்காட்டைப் பார்த்தவர்களுக்கு, சித்திரை வெயிலில் சாலையோரத்தில் சீவி விற்கும் நுங்கைப் பெருவிரலால் குத்தி உறிஞ்சியவர்களுக்கு, விறலியின் பல்லில் ஊறும் நீரைப் புலவர் ஏன் நுங்கின் இனிய நீரோடு சேர்த்தார் என்பதற்கு உரை வேண்டியதில்லை.

உவமைக்கு வருவோம். இரண்டு பொருளை ஒப்பிட, போல என்று ஒரு சொல் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். தொல்காப்பியம் உவமவியலில் 36 உருபுகளை அடுக்குகிறது. அன்ன, மான, புரைய, கடுப்ப என்று போகும் அந்தப் பட்டியலில் சில சொற்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் நெஞ்சு குழையும். எள்ள என்றால் இகழ. விழைய என்றால் விரும்ப. கள்ள என்றால் திருட. வெல்ல, வியப்ப என்றும் வருகின்றன. ஒப்பிடுவதற்கான உருபுகள், அத்தனையும் உணர்ச்சிகள்! ஒரு பொருள் இன்னொன்றைப் போல இருக்கிறது என்றால், அதை இகழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஆசைப்பட்டிருக்க வேண்டும், அல்லது அதன் அழகைத் திருடிக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று ஒரு மொழி நினைத்திருக்கிறது. நத்தத்தனார் விறலியின் மார்பைக் கோங்கின் மொட்டோடு ஒப்பிடும்போது எடுக்கும் சொல்லும் எள்ளி என்பதுதான். மொட்டுக்கு அங்கே தோல்வி.

எயிற்பட்டினக் கரைக்கு வரும்போது அவர் உருபையே விட்டுவிடுகிறார். தாழை அன்னத்தைப் பூக்கிறது. செருந்தி பொன்னோ என்று மருட்டுகிறது. கழிமுள்ளி நீலமணியை மலர்கிறது. நெடிய புன்னை முத்துகளை எடுத்து வைக்கிறது. போலவும் இல்லை, அன்னவும் இல்லை. பூ மலர்வதற்கும் மணி மலர்வதற்கும் இடையில் ஒரு மயிரிழை கூட இடம் விடவில்லை. புன்னைக்கு அவர் கொடுத்த வினையை மட்டும் கொஞ்சம் நேரம் கையில் வைத்துக்கொண்டிருக்கலாம். மற்ற மரங்கள் பூக்க, புன்னை மட்டும் வைக்கிறது. புன்னை மரத்தடியில் காலையில் போய் நின்றவர்கள் அறிவார்கள், மணலில் அந்த வெள்ளைப் பூக்கள் கொட்டிக் கிடக்கும் கிடை, யாரோ ஒருவர் பார்த்துப் பார்த்து வைத்ததைப் போலத்தான் இருக்கும்.

அதே கரையில்தான் ஒட்டகமும் வருகிறது. அலை கொண்டுவந்து ஒதுக்கிய நறுமணக் கட்டைகள், உயர்ந்த ஒட்டகம் கால் மடித்து உறங்கிக் கிடப்பதைப் போலக் கிடக்கின்றன என்கிறார். இங்கே மட்டும் அன்ன என்ற உருபு வெளிப்படையாக வருகிறது. புன்னைக்கும் முத்துக்கும் உருபு வேண்டாம், அவை ஒரே ஊர்க்காரர்கள். ஒட்டகம் வெளியூர். அதை அறிமுகம் செய்ய ஒரு சொல் வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும். உவமை வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் அடிப்படையில் பிறக்கும் என்று தொல்காப்பியம் வகுக்கிறது. ஒட்டகத்துக்கும் கட்டைக்கும் பொது எது? வடிவமா, மடிந்து கிடக்கும் கிடையா, தொலைவிலிருந்து வந்து சேர்ந்த களைப்பா? மெய்யுவமம் என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம். நானோ அந்த மூன்றாவதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நுளைச்சி அந்த வாசனைக் கட்டையை அடுப்புக்கு விறகாக வைக்கிறாள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அந்த ஊரின் செழிப்பு தெரியும்.

செழிப்பைச் சொன்ன அதே புலவர் வறுமையைச் சொல்லும் இடம், உரிச்சொல் என்ற பகுப்பின் அருமையைக் காட்டும். பரிசு பெறுவதற்கு முன் பாணனின் வீடு எப்படி இருந்தது? சுவர் உதிர்கிறது. கறையான் அரித்த இடத்தில் காளான் பூத்திருக்கிறது. அடுப்படியில் ஒரு தாய் நாய். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை, காது மடங்கிக் கிடக்கிறது. சுரக்காத மடியை அவை கவ்வுவதைத் தாங்க முடியாமல் தாய் குரைக்கிறது. அந்த நாய்க்குப் புலவர் கொடுத்த அடைமொழி, புனிறு என்ற உரிச்சொல்லிலிருந்து பிறந்தது. ஈன்று சில நாளே ஆன அண்மை என்று அதற்குப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். பெயரும் வினையும் சொல்லிவிட முடியாத ஒரு நிலையை, ஒரு பச்சை உடம்பின் வலியை, ஒரு சொல்லில் வைத்துவிடுகிறார். உரியியலில் வரும் சொற்கள் எல்லாமே இப்படித்தான், பண்புக்கும் குறிப்புக்கும் இசைக்கும் உரியவையாகச் சேர்த்துவைக்கப்பட்ட தொகுப்பு.

அந்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுக்கிறாள். உப்பு இல்லாமல் வேகவைக்கிறாள். அறியாதவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று வாசற்கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு உட்கார்ந்து உண்கிறாள். மெய்ப்பாட்டியலில் இளிவரல் என்று ஒரு மெய்ப்பாடு உண்டு. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும். இதில் மென்மை என்பதற்கு உரையில் சொல்லும் பொருள் நல்குரவு, அதாவது வறுமை. வறுமையை மென்மை என்று சொன்ன இலக்கணத்தை என்னவென்று புகழ்வது! அந்தக் கதவு அடைபடும் இடத்தில் அந்தச் சொல்லின் கனிவு முழுவதும் இருக்கிறது. பட்டினியாகவா இருக்கிறாய் என்று கேட்காமல், கதவைச் சாத்தும் அந்தக் கையை மட்டும் பார்க்கிற கண் அது. உப்பு விளையும் கரையைப் பாடும் ஒரு பாட்டில், உப்பில்லாத கீரை வெந்திருக்கிறது.

விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் தமிழ் இலக்கியமும் ஆங்கில இலக்கியமும் படிக்கிற பிள்ளைகள் ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். ஆங்கில வகுப்பில் தொடக்க கால அமெரிக்க இலக்கியம் படிப்பவர்கள் வேறு ஒரு கலைச்சொல் தொகுதியைச் சுமந்து வருவார்கள். அந்தச் சொற்களுக்கும் தனி அழகு உண்டு. நியூ இங்கிலாந்துப் போதகர்கள் தம் மக்களின் வழுவலைச் சொல்லிப் புலம்பி எச்சரித்த உரைக்கு ஜெரமையாட் என்று பெயர். தமிழ் விவிலியத்தில் எரேமியாவின் புலம்பலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்க்கதரிசியின் குரலே கேட்கும். பழங்குடிகளால் சிறைபிடிக்கப்பட்டு மீண்டவர்களின் வரலாற்றுக்குக் கேப்டிவிட்டி நேரேட்டிவ் என்று பெயர். மேரி ரோலண்ட்சன் எழுதிய அத்தகைய நூல் 1682இல் வெளிவந்தது. நம் சொற்கள் பெரும்பாலும் நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் பிறக்க, அவர்களுடையவை வேதத்திலிருந்தும் கடற்பயணத்திலிருந்தும் பிறந்திருக்கின்றன.

அவற்றில் எளிய நடை என்று ஒன்று. பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு தம் வரலாற்றை அணியலங்காரம் இல்லாத எளிய நடையில் எழுதுவதாகச் சொல்லியே தொடங்கினார். அழகுபடுத்தினால் கடவுளின் உண்மை மறைந்துவிடும் என்று பியூரிட்டன்கள் அஞ்சினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் செந்தொடை நினைவுக்கு வரும். மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று தொடைகளை எண்ணிக்கொண்டே வந்த இலக்கணம், இவை எதுவும் இல்லாத அடிக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஒன்றும் தொடுக்காததும் ஒரு தொடை. அதற்குச் செம்மை என்ற அடை வேறு. அணி இல்லாததைக் குறையாகப் பார்க்காமல், அதையும் தன் மாலையில் ஓர் இடமாகச் சேர்த்துக்கொண்ட மனம் எவ்வளவு விரிந்தது!

துறையைப் பற்றி ஒரு வார்த்தை. திணையின் உட்பிரிவு என்று படித்திருப்போம். ஆற்றில் இறங்கும் இடத்துக்கும் அதே பெயர்தான். தென்பெண்ணையோரத்து ஊர்க்காரர்களுக்குத் துறை என்றால் என்னவென்று சொல்ல வேண்டாம். ஆறு ஒன்று, இறங்குகிற படிகள் பல. பாடாண் திணை என்னும் ஆற்றில் ஆற்றுப்படை ஒரு படித்துறை.

செய்யுளுக்கு உறுப்புகள் 34 என்று தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும்போது, நோக்கு என்று ஒன்றைச் சொல்கிறது. மாத்திரை தொடங்கி அடி நிரம்பும்வரை, கேட்டவரைத் திரும்பப் பார்க்க வைப்பது எதுவோ அதுதான் நோக்கு. ஒரு வாசகனின் தலை திரும்புவதைச் செய்யுளின் உறுப்பாகவே வைத்த இலக்கணம் இது. ஆமூர்க் குளத்தில் அந்த நோக்கு குடியிருக்கிறது. குட்டையான அடிமரம் கொண்ட காஞ்சி. அதன் கொம்பில் ஒரு மீன்கொத்தி ஏறி உட்கார்ந்து, ஆழம் காண முடியாத மடுவையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பொன்னிற அலகு, நீலமணி உடம்பு. பாய்ந்து கயலை எடுக்கிறது. எடுக்கும்போது அதன் கூரிய நகம் தாமரை இலையைக் கிழித்து வடுவாக்கிவிடுகிறது. பறவை போய்விட்டது. புலவரின் கண் அதன் பின்னால் போகவில்லை. கிழிந்த இலையிலேயே நிற்கிறது. அங்கிருந்து பக்கத்தில் அன்று காலை விரிந்த தாமரைக்கு நகர்கிறது. அந்தப் பூவில் தேன் உண்ணும் நீல வண்டு, நிலவைச் சேர்ந்த பாம்பைப் போலத் தெரிகிறது.

இதை ஒரு முறை படித்தால் வேட்டை. இரண்டாம் முறை படித்தால் இலையின் வடு. மூன்றாம் முறை படிக்கும்போதுதான் நெடிது இருந்து என்ற நிதானம் காதில் விழுகிறது. மீன்கொத்தி காத்திருக்கும் அந்த நேரத்தை அடியின் நடையே எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு வினைகள் மளமளவென்று வருகின்றன. எடுத்தல், கிழித்தல். நோக்கு என்பதற்கு உரை எழுதிய பேராசிரியர் என்னும் பழைய உரைகாரர், கேட்டவர் மறித்து நோக்கிப் பயன்கொள்ளும் கருவி என்று விளக்குவார். மறித்து நோக்குதல்! அந்த மீன்கொத்தி மடுவைப் பார்ப்பதும் அப்படித்தானே.

இனி ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. பரிசு பெற்றவன், பெறாதவனுக்கு வழி சொல்லி அனுப்புவது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். உலகத்துக் கவிதை வகைகளில் பொறாமைக்கு இடமே வைக்காத வகை ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று துணிந்து சொல்வேன். செய்யுளியல் கூற்று, கேட்போர் என்று இரண்டு உறுப்புகளைத் தனித்தனியே எண்ணுகிறது. யார் சொல்கிறார், யார் கேட்கிறார் என்பது ஒரு பாட்டின் உறுப்பு. இங்கே சொல்பவன் வயிறு நிறைந்தவன், கேட்பவன் பசித்தவன். நிறைந்தவன் பசித்தவனுக்கு ஒவ்வோர் ஊரையும் எப்படி முடித்துக் காட்டுகிறான் என்று பாருங்கள். எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்ந்த குழல்மீன் பெறுகுவிர். வேலூரில் எயிற்றியர் சமைத்த இனிய புளிச்சோறும் ஆமான் இறைச்சிச் சூடும் பெறுகுவிர். ஆமூரில் வெண்சோறு பெறுகுவிர். பெறுகுவிர் என்ற ஒரே வினைமுற்றில் மூன்று ஊரும் முடிகின்றன. முன்னிலை, பன்மை, எதிர்காலம். முன்னிலை என்பதால் எதிரே நிற்கும் முகம் தெரிகிறது. பன்மை என்பதால் பாணனோடு அவன் சுற்றமும் விறலியரும் பிள்ளைகளும் அந்தச் சோற்றுக்குள் வந்துவிடுகிறார்கள். எதிர்காலம் என்பதால் நடக்கத் தெம்பு வருகிறது. கதவை அடைத்துக்கொண்டு உப்பில்லாக் கீரை உண்ட சுற்றத்தைச் சேர்ந்தவன், அப்படியே பசித்திருக்கும் இன்னொரு சுற்றத்துக்குச் சொல்வதுதான் இந்தப் பெறுகுவிர்.

வேலூர்ப் புளிச்சோற்றைப் படிக்கும்போது, திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்று பொருள்படும் திந்திரிணீவனத்திலிருந்து வந்தது என்று சொல்வார்கள் என்பதும் கூடவே நாக்கில் ஊறும்.

செய்யுள் உறுப்புகளின் கடைசி எட்டுக்கு வனப்பு என்று பெயர். அம்மை, அழகு, தொன்மை, தோல் என்று எண்ணிக்கொண்டே வரும்போது ஐந்தாவதாக விருந்து வருகிறது. புதிதாகப் புனைந்த யாப்புக்கு விருந்து என்று பெயர். புதிதாக வாசலில் வந்து நிற்பவருக்கும் அதே பெயர். அதைக் கற்கும் இடம் ஆமூர். உழவர் வீட்டுப் பெண் வருகிறவர்களை அழைத்துச் சோறு போடுகிறாள். அந்த அரிசி உலக்கையால் குத்தித் தீட்டியது. உலக்கையின் முனையில் இரும்புப் பூண் மாட்டியிருக்கிறது. இதுவரை எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். நத்தத்தனார் அந்தப் பூணைக் குனிந்து பார்க்கிறார். அதன் இரும்பு தேய்ந்திருக்கிறது. அரிசியைக் குத்திக் குத்தி இரும்பு தேய வேண்டுமென்றால் அந்த வீட்டில் எத்தனை பேருக்குச் சோறு வடித்திருக்க வேண்டும்! அந்தத் தேய்மானத்துக்குப் பக்கத்திலேயே, உருண்டை உருண்டையான வெண்சோற்றின் மேல், பிளந்த கால்களை உடைய நண்டின் கறியை அள்ளி வைக்கிறாள் அந்தப் பெண்.